இரண்டு மலைக்கு ஒரு சப்பாத்து அறை

பனிச்சறுக்கு மலையில் சப்பாத்து வாடகைக்குக் கொடுப்பவனின் வேலை, காலையிலிருந்து பின்னேரம் வரை அடுத்தவன் காலடியில் முழங்காலில் நிற்பது. கோயிலில் இதில் பாதி நேரம் நின்றிருந்தால்கூட ஏதாவது கிடைத்திருக்கும். ஹோட்டல் குசினியிலும் ஃபக்டரியிலும் விமான நிலையத்திலும் முதுகைக் கொடுத்த ஆட்கள் இதை வாசித்தால் மேலே விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

நான் வேலை செய்த மலை ரொறன்ரோவுக்கு வடக்கே, ஒன்றரை மணித்தியால ஓட்டம். பக்கத்திலேயே இன்னொரு மலை. நடுவில் ஒரு கம்பி வேலி. எங்களது சின்னது, மற்றது பெரியது. ஊரில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில்தான் இரண்டையும் இணைக்க வேண்டும் என்ற கதை தொடங்கியது. வேலிக்கு மேலால் ஒரு லிஃப்ற் போடுவார்களாம். இரண்டுக்கும் ஒரே ரிக்கெற்றாம். அதோடு இரண்டு சப்பாத்து அறையும் ஒன்றாகுமாம். எங்கள் அறைக்கு நான் பொறுப்பு, அந்த அறைக்குக் கனகசிங்கம் பொறுப்பு. அறை ஒன்றென்றால் ஆளும் ஒன்று. இரண்டு பேருக்கும் வயது அறுபத்தொன்று. மிச்ச ஆள் அந்த வயதில் வேறு வேலை தேட வேண்டும்.

எடை

சறுக்குப் பலகையில் சப்பாத்தைப் பிடிக்கிற பூட்டை ஆளின் எடைக்கேற்ப முறுக்க வேண்டும். கூட முறுக்கினால் விழும்போது கழலாது, கால் முறியும். குறைய முறுக்கினால் சும்மாவே கழன்றுவிடும். அதனால் வருகிறவர்கள் ஒரு தாளில் எடையை எழுத வேண்டும். அந்தத் தாள்களை நம்பினால் கனடாவில் குண்டான ஆளே கிடையாது.

மிசிசாகாவிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை புருசனோடு வந்தது. நூற்றிப் பதினைந்து றாத்தல் என்று எழுதியிருந்தது. நான் தாளையும் பார்த்தேன், பிள்ளையையும் பார்த்தேன். "தங்கச்சி, இந்தக் கணக்குக்கு முறுக்கினால் முதல் திருப்பத்திலை பலகை ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவியள்" என்றேன். புருசன் இங்கே வளர்ந்த பொடியன், பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளை புருசனை ஒருக்கால் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்து சொன்னது:

"நூற்றி அறுபத்திரண்டு. தமிழிலை எழுதுங்கோ அண்ணை, இவருக்கு வாசிக்கத் தெரியாது."

பத்தரை அளவு

செவ்வாய்க்கிழமைகளில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வருவார். எழுபத்தைந்து வயதிருக்கும். சப்பாத்து பத்தரை. இணைப்பைப் பற்றி அந்த வட்டாரம் முழுக்கச் சண்டை. கடைக்காரர்கள் சனம் கூடும் என்றார்கள், இளம் ஆட்கள் நீளமாகச் சறுக்கலாம் என்றார்கள். கிழவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. நான் கொளுக்கி பூட்டிக்கொண்டிருக்க, என் தலைக்கு மேலால் பேசினார்.

"முதலில் ஒன்றாக இருப்போம் என்பார்கள்" என்றார். "எல்லோருக்கும் நல்லது என்பார்கள். பிறகு பெரியது சின்னதைத் தின்னும். தின்று முடிந்ததும் பெயர்ப்பலகையை மாற்றுவார்கள்."

எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருந்தது. நான் இறுக்கம் போதுமா என்று மட்டும் கேட்டேன். அவர் காலை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உனக்கு இதெல்லாம் விளங்காது. நீ வெளிநாட்டுக்காரன்."

வானுக்குள் இரண்டு பேர்

கனகசிங்கத்தோடு நான் பேசுவதில்லை. காரணம் இருக்கிறது. நான் கனடாவுக்கு வந்த புதிதில் ரெக்ஸ்டேலில் ஒரு ஃபக்டரிக்கு வேலை கேட்டுப் போனேன். மொழிபெயர்க்க வந்தவர் கனகசிங்கம். ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் பதினாலு வருசம் களஞ்சியம் பார்த்தவன், எந்தச் சாமான் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், அப்படியான வேலை தந்தால் நல்லது என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் அதை இங்கிலீசில் இரண்டே துண்டாகச் சொன்னார். பலமான ஆள், பள்ளிக்கூடம் போகாத ஆள். அவ்வளவு இங்கிலீஸ் எனக்கு அப்போதே தெரியும். ஆறு வருசம் மூட்டை தூக்கினேன். வேலை கிடைத்தது என்னவோ உண்மைதான். அதனால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

பிறகு இரண்டு பேரும் மலைகளுக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு மலைக்கும் ஆள் ஏற்றுகிற வான் ஒன்றுதான். ஓட்டுகிறவன் ரவி. நான் முன் சீற், கனகசிங்கம் கடைசிச் சீற். இருவரும் பேசுவது ரவியோடு மட்டும். ஒருநாள் வழியில் வானை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ரவி கேட்டான்:

"அண்ணையவை, ஹீற்றரைக் கூட்டவோ குறைக்கவோ? ரண்டு பேரும் உள்ளுக்கை தீர்த்துப்போட்டு எனக்கு ஒரு பதில் சொல்லுங்கோ, நான் வெளியிலை நிக்கிறன்."

அந்தப் பக்கத்து அறை

மாசி கடைசியில் ஒருநாள் கடைசிச் சீற் வெறுமையாக இருந்தது. கனகசிங்கத்தின் தம்பி வன்னியில் குடும்பத்தோடு அகப்பட்டிருந்தார். பதுங்குகுழிக்கு மேல் ஷெல் விழுந்துவிட்டதென்று தெரிந்த ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். தம்பி, மனைவி, இரண்டு பிள்ளைகள். இதை ரவி ஒன்றரை மணித்தியாலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான்.

எங்கள் ஆட்களுக்கு இதற்கு ஒரு முறை இருக்கிறது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும். இருபது வருசம் முகம் பாராத சகோதரங்கள்கூடச் செத்தவீட்டில் வந்து கையைப் பிடிப்பார்கள். அதோடு கோபம் சரி. ஆனால் இங்கே சடலம் இல்லை, செத்த நாள் தெரியாது, செத்ததே நிச்சயம் இல்லை என்று கனகசிங்கத்தின் மனைவி சொல்லிவிட்டா. செத்தவீடு வைக்கவில்லை. வைத்திருந்தால் போயிருப்பேன். செத்தவீடு இல்லாத வீட்டுக்கு எதைச் சொல்லிக்கொண்டு போவது?

பெரிய மலையில் சப்பாத்துக்கு ஆளில்லை என்று மூன்று நாள் என்னை அங்கே அனுப்பினார்கள். வேலியில் இருந்த ஓட்டையால் பனிக்குள் நடந்து போனேன். கனகசிங்கம் சப்பாத்துகளை முளைகளில் தலைகீழாகக் கொளுவியிருந்தார், ஒன்றிலும் ஈரமில்லை. கொளுக்கிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. நான் எதையும் இடம் மாற்றவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெண், நான் கவனமாகப் பூட்டிவிட்ட சப்பாத்தோடு நாலு அடி நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னாள்:

"வழக்கமாக இருக்கிறவர் எப்போது வருவார்?"

றேடியோ

நாலாம் நாள் கனகசிங்கம் வந்தார். கடைசிச் சீற்றில் ஏறி இருந்தார். சவரம் செய்திருக்கவில்லை. அப்போது தமிழ் றேடியோவில் விடிய விடிய அதுதான். செத்தவர்கள், காயப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள். எங்கள் பிள்ளைகள் நகரத்துத் தெருவில் பதாகை பிடித்துக்கொண்டு நிற்க, நாங்கள் ஒவ்வொரு நாளும் மலைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

"ரவி, உந்த றேடியோவை நிப்பாட்டு" என்றேன். ரவி நிற்பாட்டினான். பின்னாலிருந்து கனகசிங்கம் சொன்னார்:

"போட்டுவிடு ரவி. பேர் வாசிச்சால் ஆரோ கேக்கத்தானே வேணும்."

கூட்டம்

யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த அடுத்த கிழமை கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பனி உருகி இரண்டு மலையும் வெறும் சேறு. வேலி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பெரிய மலையின் மனேஜர் ஒரு பெண்மணி. இணைப்பதென்று முடிவாகிவிட்டது, எப்படிச் செய்வது என்று ஒவ்வொருவரும் கருத்துச் சொல்லலாம் என்றார். கருத்துக் கேட்கும்போது முடிவு எப்போதும் எடுத்தாயிற்று. உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

என் முறை வந்தது. என் இங்கிலீஸ் காலுக்குப் போதும், கூட்டத்துக்குக் காணாது. யாரும் கேட்காமலே கனகசிங்கம் எழும்பி நின்றார், மொழிபெயர்க்க. எனக்கு ஃபக்டரி ஞாபகம் வந்தது. இருந்தாலும் சொன்னேன். "மலையை இணைக்கிறதெண்டால் இணையுங்கோ. எனக்கு மலையோடை கோபமில்லை. ஆனால் இந்த மனிசனோடை ஒரு அறைக்குள்ளை என்னாலை நிக்க ஏலாது. சப்பாத்தை இந்தாள் என்னைவிட நல்லாக் காயவைக்கும், அது வேறை கதை. காலுக்கு அளவு பார்க்கிறதிலை என்னைப்போல ஆள் இல்லை. ஒராளை நிப்பாட்டினால் நீங்கள் பாதி வேலையைத்தான் வைச்சிருப்பியள்."

கனகசிங்கம் முகத்தை அசைக்காமல் இங்கிலீசில் சொன்னார். நான் ஒவ்வொரு சொல்லாகக் காத்திருந்து எண்ணினேன். இந்த மனிசன் என்ற இடத்தில் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். காயவைப்பதையும் சொன்னார், அளவையும் சொன்னார். முடிவில் சொந்தமாக ஒன்று சேர்த்தார், தனக்கும் ஏலாது என்று. எல்லாரும் சிரித்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. மனேஜர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசையில் விரித்திருந்த படத்தில் எதையோ வெட்டிவிட்டு எழுதினார்.

"சரி, இரண்டு அறையும் இருக்கட்டும். கைக்குச் சறுக்குக் கம்பு எட்டுகிற தூரத்தில் இவர்களை விடப் பயமாக இருக்கிறது."

திரும்பி வரும்போது வானில் நான் வழக்கம்போல முன் சீற்றில் இருந்தேன். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு கடைசிச் சீற்றிலிருந்து குரல் வந்தது:

"ரவி, ஒரு சொல்லும் விடாமல்தான் சொன்னனான் எண்டு முன்னுக்கு இருக்கிறவருக்குச் சொல்லு."

ரவி என்னைப் பார்த்தான். "எனக்கும் காது இருக்கெண்டு சொல்லு" என்றேன்.

இப்போது இரண்டு மலைக்கும் ஒரே லிஃப்ற், ஒரே ரிக்கெற், ஒரே பெயர்ப்பலகை. சப்பாத்து அறைகள்தான் இன்னும் இரண்டு. சப்பாத்து எந்த அறையில் நல்லது என்று கேட்கிறவர்களிடம் மட்டும், இங்கே ஒரு அறைதான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.