இருளம்மாளின் நாலு பேர் அறை

வேலைக்கு வருகிறவளின் முந்தானையை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்த பிறகுதான் இருளம்மாள் ‘வா’ என்பார். நூல் சேலை என்றால் சரி. நைலான் கலந்திருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அது உரசிப் பிறக்கிற ஒரு பொறி போதும், அறையே போய்விடும். வெம்பக்கோட்டைப் பக்கமுள்ள எங்கள் பட்டாசுக் கம்பெனியில் இந்தச் சோதனையை யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார். ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற என் சட்டைக் கையையும் விட மாட்டார்.

வயது ஐம்பத்துநாலு. புஸ்வாணக் கூட்டுக்குள் வெடிமருந்து அடைக்கிற வேலை. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்பது சட்டம். இருளம்மாளுக்கு அது சாமி வாக்கு. ஐந்தாவதாக ஒரு காக்கை வந்து உட்கார்ந்தாலும் விரட்டிவிடுவார்.

மருந்தில் சின்னக் குறுணை இருந்தாலே கண்டுபிடிக்கிற அவர் விரல்கள், போன ஆனியில் மார்பில் கடலைப் பருப்பளவு ஒரு கட்டியைக் கண்டுபிடித்தன. மூடி மறைக்கவில்லை. மறுநாளே லீவு சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினார். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பக் கட்டம் என்றார்கள். கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தன் தூக்குவாளியைக் காலி செய்துவிட்டு என்னுடையதையும் எட்டிப் பார்த்தார்.

ஆபரேஷன் முடிந்ததும் வாரக்கணக்கில் தினமும் கதிர்வீச்சுக்குப் போக வேண்டியிருக்கும் என்று பேச்சு. தீபாவளி சீசனில் யார் அலைவது? மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் பிரீத்தி பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு வேறு வழி சொன்னார். எல்லாருக்கும் ஒத்துவராது, இவருக்கு ஒத்துவரும்: கட்டியை எடுத்த கையோடு, தையல் போடும் முன்பே, அந்த இடத்திலேயே அரை மணி நேரம் கதிர்வீச்சு கொடுத்து முடித்துவிடலாம். இருளம்மாளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“அந்நேரம் ரூமுக்குள்ள எம்புட்டுப் பேரு நிப்பீக, தாயி?”

எல்லாரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுவோம் என்றார் டாக்டர். முறை தெரிஞ்ச கம்பெனிதான் என்று ஆஸ்பத்திரிக்கு நற்சான்று கொடுத்துவிட்டு இருளம்மாள் படுத்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மாத்திரை மட்டும் தொடர வேண்டும், இரண்டு மாதத்தில் வேலைக்குப் போகலாம் என்றார்கள். வந்தார். ஆனால் அறைக்குப் பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். சேலை உரசலுக்கே பொறி பறக்கும்போது, அரை மணி நேரம் வாங்கிய கதிர் உடம்புக்குள் கிடந்து என்ன செய்யும்? உள்ளே பானுப்பிரியாவும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். மூன்று பேருமே பிள்ளைக்காரிகள். போர்மேன் தங்கப்பாண்டியன் சொல்லிப் பார்த்தார், நானும் சொல்லிப் பார்த்தேன். பிடித்தால் உடும்புப் பிடி. இரண்டு நாள் மரத்தடியிலேயே நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. இருபத்தாறு வருஷமாக அந்த அறைதான் அவருக்கு உறவும் ஊரும். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் நோய் செய்யாததை அந்த ஏக்கம் செய்துவிடும்.

மூன்றாம் நாள் அவரைக் கேட்டுக்கு வெளியே கூட்டிப்போனேன். உள்ளே போன் எடுக்கக் கூடாது. டாக்டரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். மெஷினை நிறுத்தின கணமே கதிர் முடிந்தது, உடம்பில் ஒரு துளியும் தங்காது என்று அவர் பொறுமையாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

“அப்ப நான் வெறும் ஆளுதானா, தாயி?”

“வெறும் ஆள்தான்மா.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக அறைக்குப் போனார். உள்ளே இருந்த மூன்று பேரையும் வெளியே கூப்பிட்டார். “நாஞ் சொல்ற வரைக்கும் ஒருத்தியும் அசையப்படாது” என்று மரத்தடியில் நிறுத்தினார். தனியாக உள்ளே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு கூட்டை எடுத்து மருந்தை அடைத்தார். பிறகு இன்னொன்று. பத்தாவது கூட்டை வரிசையில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பி, அந்த மூன்று பேரையும் பார்த்து, வாங்க என்று கையை அசைத்தார்.