றாஹிலா கட்ட மறுத்த வட்டி

அச்சிமுகம்மதைத் தேடி வங்கி வழக்கின் அழைப்பாணை கல்முனைக்குடியின் இரண்டு வீடுகளுக்கிடையே அலைந்தது. வங்கியில் எழுதியிருந்தது அவன் பிறந்த வீட்டு விலாசம். கலியாணம் முடித்த ஆண், பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவதுதான் இந்த ஊர் வழக்கம்.

"மகன் பொண்டாட்டி ஊட்டதான் இரிக்கான்" என்று அதைக் கொண்டுவந்த நீதிமன்றப் பிஸ்காலைத் திருப்பிவிட்டாள் தாய் ஆமினா உம்மா. அங்கே போனால், "மருமகன் உம்மாட ஊட்ட போய்ட்டார்" என்றாள் மாமி. அச்சிமுகம்மது அறைக் கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றான். சந்தி முழுக்கச் சிரிப்பு.

அடுத்த தரம் வாசலுக்கு வந்தது அவன் மனைவி றாஹிலா. "தாங்க தம்பி. அவர் உள்ளுக்குத்தான் இரிக்கார்."

பிஸ்கால் போனதும் அவன் பாய்ந்து வந்தான். "என்ன புள்ள செஞ்சாய்?"

"பதில் குடுக்காட்டி அவங்க சொன்னதுதான் தீர்ப்பு. நம்மட வயல ஏலத்துல உடுவாங்க. ஒளிக்க நாம களவா எடுத்த?"

எழுபத்தெட்டில் வேளாண்மைக்கு எடுத்த கடன் அது. அந்த வருடச் சூறாவளி பயிரைத் துடைத்துக்கொண்டு போனது. வங்கி எண்பத்தாறில்தான் விழித்தது. வட்டி அதற்குள் முதலைவிடப் பெருத்திருந்தது.

சட்டத்தரணி தங்கராசா கடதாசியைப் பார்த்துவிட்டு, "வழக்குப் போட ஆறு வருசம்தான், அது தாண்டிப்போச்சு. கடன் காலாவதி எண்டு பதில் போடுவம். ஆனா இப்ப ஒரு சதம் கட்டினாலும், ஒரு கையெழுத்து வெச்சாலும் கடனுக்குத் திரும்ப உயிர் வந்திரும்" என்றார்.

வீடு வந்ததும் அச்சிமுகம்மது சைக்கிளைச் சுவரில் சாத்தினான். பிறகு, "கடனோட கண்ண மூடி மௌத்தானா என்ன செய்யிற?" என்றான்.

"எடுத்த முதல் நம்மட கடன். வழக்கு முடியட்டும், குடுப்பம். வட்டி ஹறாம், குடுக்க ஏலா."

"வட்டிக்குத்தானே எடுத்த நான்?"

"எடுத்தது பிழைதான். அந்தப் பிழைக்கு வயலையும் குடுக்கவா?"

அடுத்த கிழமை வங்கி உத்தியோகத்தர் பளீல் வந்தார். "தங்கச்சி, கொஞ்சக் காசு கட்டி இதுல ஒரு கையெழுத்து வெச்சா வழக்க நிப்பாட்டுவம்."

பேனைக்கு அச்சிமுகம்மதின் கை நீண்டது. றாஹிலா அந்தக் கையில் தேநீர்க் கோப்பையை வைத்தாள். "பளீல் நானாக்குக் குடுங்க. நானா, தேத்தண்ணியக் குடிங்க, பேனைய மூடுங்க."

வழக்கு நாளில் நீதிபதி வங்கியிடம் கேட்டார்: இடையில் ஏதாவது கட்டினார்களா? ஏதாவது எழுதித் தந்தார்களா? இல்லை. வழக்குத் தள்ளுபடி.

"அல்ஹம்துலில்லாஹ், தப்பிட்டம்" என்று அச்சிமுகம்மது சைக்கிளைத் திருப்பினான்.

"எங்க போறீங்க? வங்கிக்கு உடுங்க."

நெல் விற்று வைத்திருந்த காசை அவள் கவுண்டரில் வைத்தாள். பளீல் வாயைப் பிளந்தார். "வழக்குத்தான் தள்ளுபடியாகிட்டே?"

"இது நாங்க எடுத்த முதல். ரசீதுத் துண்டு எழுதுங்க."

உள்ளேயிருந்து மனேஜர் வந்தார். "கட்டுற காச முதல்ல வட்டிக்குத்தான் கழிக்கிற. அதுதான் ஒழுங்கு."

றாஹிலா காசை அள்ளித் திரும்ப மடியில் கட்டினாள். "அப்ப அடுத்த வழக்குல சந்திப்பம்."

வரிசையில் நின்ற ஒருவர், "டேய், வலிய வார காச உடாதீங்கடா!" என்று கத்தினார். வங்கியே சிரித்தது.

மனேஜர் பளீலைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்துத் தானே எழுதினார்: முதல் முழுதும் செலுத்தப்பட்டது, கணக்கு மூடப்பட்டது.

"வாசிங்க" என்று அந்தத் துண்டைக் கணவனிடம் கொடுத்தாள். அவன் எல்லாருக்கும் கேட்க வாசித்தான். அதற்குப் பிறகுதான் அவள் மடியை அவிழ்த்தாள்.