டொக்டர் அன்ரியை நனைத்த ஞாயிறு

எங்கள் வீட்டுக்குக் கீழே ஓர் இதய ஆராய்ச்சியாளர் குடியிருந்தார். லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் ஒரே வீட்டை மேலும் கீழுமாகப் பிரித்து இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மேலே அப்பா, அம்மா, நான். கீழே அந்தப் பெண்மணி மட்டும். அவர் ஒருவரைக் குடும்பம் என்று சொல்லலாமா என்று எனக்கு அப்போதே சந்தேகம்தான். அவருடைய ஆர்மேனியப் பெயர் எங்கள் மூவருடைய நாக்கிலும் புரள மறுத்தது. ஆகவே அவர் டொக்டர் அன்ரி ஆனார். மருத்துவம் படித்தது உண்மைதான், ஆனால் நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போய்ப் பல காலமாகிறது என்று அவர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அம்மா அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, தன் முழங்கால் நோவைப் பற்றி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

தனிமை இதயத்தை என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஊரைவிட்டு வந்தவர்கள், துணையை இழந்தவர்கள், காலையில் எழும்பி இரவு படுக்கும்வரை ஒருவரோடும் பேசாதவர்கள். அவர்களுடைய இரத்தக் குழாய்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்பாராம். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒருவரும் பேசாவிட்டால் இதயம் பழுதாகிவிடுமா என்று கேட்டேன். ஆகலாம் என்று நினைக்கிறோம், இன்னும் நிச்சயமாகத் தெரியாது என்றார். தெரியாது என்று சொல்கிற ஒரு பெரிய ஆளை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்த ஆராய்ச்சிக்கு அப்பாவையும் ஒருமுறை கூப்பிட்டார். அப்பா சிரித்து மழுப்பிவிட்டு மேலே வந்து அம்மாவிடம் சொன்னார்: "எனக்கென்ன வருத்தம்? நான் மனுசி பிள்ளையோட இருக்கிறன். தனிய இருக்கிற ஆக்களைத் தேடட்டும்." அப்பா இரவில் கடைகளுக்குச் சாமான் ஏற்றும் வேன் ஓட்டினார். அம்மா முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்து நான் பார்த்தது குறைவு.

ஆனாலும் அப்பாவுக்கும் டொக்டர் அன்ரிக்கும் இடையில் ஒரு தெரு இருந்தது. லண்டனுக்கு வருவதற்கு முன்பு அப்பா சென்னையில், மண்ணடியில் ஒரு லொட்ஜில் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்காகக் காத்துக் கிடந்தவர். பக்கத்தில் அரண்மனைக்காரன் தெரு என்று ஒன்று. பொழுது போகாமல் அந்தத் தெருவில் அரண்மனையைத் தேடி நடந்திருக்கிறார். அரண்மனை அகப்படவில்லை. ஒரு பழைய தேவாலயம்தான் அகப்பட்டது. அதன் முற்றத்தில் நிழலும் நீளமான மர வாங்கும் இருந்ததால் பகலில் அங்கே போய்ப் படுத்துக்கொள்வாராம். ஆர்மேனியன் என்பதைத்தான் சென்னைக்காரர்கள் அரண்மனைக்காரன் ஆக்கிவிட்டார்கள் என்பது, டொக்டர் அன்ரி சொல்லித்தான் பல வருடங்களுக்குப் பிறகு அப்பாவுக்குத் தெரிந்தது.

டொக்டர் அன்ரி அந்த ஊருக்குப் போனதேயில்லை. பெய்ரூட்டில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் அங்கேயே அடக்கமாகிவிட்டார்கள். கூடப் பிறந்தவர் எவருமில்லை. முன்னொரு காலத்தில் வியாபாரத்துக்காகச் சென்னைக்குப் போன மூதாதை ஒருவர் அந்த முற்றத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார் என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. கல்வெட்டில் ஏதாவது பெயர் ஞாபகமிருக்கிறதா என்று அப்பாவைக் கேட்டார். எழுத்தெல்லாம் தூண்டில் முள் மாதிரி இருந்தது, எப்படி வாசிக்கிறது என்றார் அப்பா. நிழல் எந்த மரத்தினுடையது, மணிக் கூண்டு எந்தப் பக்கம், வாங்கில் படுத்தால் என்ன தெரியும் என்றெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே போனார். அப்பா ஞாபகமில்லாத இடங்களில் கொஞ்சம் சேர்த்தும் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் ஷிப்ட் பிந்துகிற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்து கீழ்வீட்டில் இருப்பேன். அவர் காய்ந்த அப்ரிகொட் பழங்களை ஒரு தட்டில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அப்படியொரு நாளில்தான் வர்தவாரைப் பற்றிச் சொன்னார். கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் தண்ணீர்த் திருநாள். தெரிந்தவர், தெரியாதவர், பாதிரியார், பொலிஸ்காரர் என்றில்லை, வழியில் போகிற எவர் தலையிலும் தண்ணீர் ஊற்றலாம். ஒருவரும் கோபிக்கக் கூடாது. சின்ன வயதில் அந்த நாளில் உலர்ந்த உடுப்போடு வீடு திரும்பியதே இல்லையாம். "இங்கே என்மேல் தண்ணீர் ஊற்ற யார் இருக்கிறார்கள்?" என்று சிரித்தார். வருகிற ஞாயிறுதான் அந்த நாள் என்றும் சொன்னார்.

அவர் ஆங்கிலத்தில் சொன்ன அது எனக்கு ஒரு கேள்வியாகத்தான் கேட்டது. கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

அந்த ஞாயிறு அம்மா வேலைக்குப் போய்விட்டார். இரவு முழுக்க வேன் ஓட்டிவிட்டு வந்த அப்பா மத்தியானம் ஆகியும் படுக்கையில் இருந்தார். நான் குளியலறை வாளியை நிரப்பி, தெருப் பக்கத்து யன்னலுக்கு இழுத்துக்கொண்டு வந்து வைத்துக் காத்திருந்தேன். டொக்டர் அன்ரி மேற்கு லண்டனில் இருக்கும் தங்களுடைய தேவாலயத்துக்குப் போயிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வெயிலில் மெதுவாக நடந்து வந்தார். வாசலில் நின்று கைப்பையில் கதவுத் திறப்பைத் தேடினார். நான் வாளியைக் கவிழ்த்தேன்.

அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அண்ணாந்து என்னைப் பார்த்தார். தன்னுடைய மொழியில் ஏதோ உரத்துச் சொல்லி, இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தார். பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இன்னும் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் மேலேயிருந்து சிரித்தேன்.

அப்பா பாய்ந்து வந்தார். வாளியைப் பார்த்தார், யன்னலால் கீழே பார்த்தார். "உனக்கென்ன விசரே? படிச்ச மனுசியின்ர தலையில…" என்று தொடங்கியவர், முடிக்காமல் மன்னிப்புக் கேட்கப் படிகளில் இறங்கி ஓடினார். கதவைத் திறந்தார். "சொறி டொக்டர், சொறி" என்றார். மூன்றாவது சொறி வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் மெல்ல உட்கார்ந்தார். முகம் சாம்பல் நிறமாகி, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

டொக்டர் அன்ரி எழும்பி வந்தார். தலைமயிரிலிருந்து தண்ணீர் அப்பாவின் இடுப்புச் சாரத்தில் சொட்டச் சொட்ட, அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பின்னால் இறங்கி வந்திருந்த நான், டொக்டர் அன்ரியின் அந்த முகத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. எங்கே நோகிறது, கைக்கு இறங்குகிறதா, எப்போதிருந்து என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்து, "வயித்துக் காஸ்தான் எண்டு சொல்லு பிள்ளை. ரண்டு மூண்டு நாளா இருக்கு," என்றார். நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் அன்ரி கைப்பையிலிருந்து போனை எடுத்தார். அது நனைந்து செத்துப்போயிருந்தது. அப்பாவின் போனை என்னை எடுத்துவரச் சொல்லி, அம்புலன்ஸைக் கூப்பிட்டார். தன் அலுமாரியிலிருந்து அஸ்பிரின் கொண்டுவந்து அப்பாவைக் கடித்து மென்று விழுங்கச் சொன்னார்.

அம்புலன்ஸில் நானும் ஏறினேன், அவரும் ஏறினார். உடுப்பு மாற்ற நேரமில்லை. அவர்கள் கொடுத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு, என் கையை விடாமல் இருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற தாதி, சொட்டச் சொட்ட நின்ற அவரைத்தான் நோயாளி என்று நினைத்துச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நீங்கள் இவர்களுக்கு என்ன முறை என்று கேட்டார். டொக்டர் அன்ரி கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழ்வீடு என்றார்.

அம்மா வேலை உடுப்போடு ஓடி வந்தபோது அப்பாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்று அடைபட்டிருந்ததாம். கம்பி வலைக் குழாய் ஒன்றை வைத்துத் திறந்தார்கள். அந்த அடைப்பு ஒரு நாளில் வந்ததல்ல என்றும், நித்திரையிலேயே கிடந்திருந்தால் அப்படியே போயிருப்பார் என்றும் பெரிய டொக்டர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா டொக்டர் அன்ரியின் ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்கள் இல்லாட்டி நாங்கள் என்ன செய்திருப்பம்?" என்றார் தமிழில். அவர் ஓம் என்பதுபோலத் தலையாட்டினார்.

இதெல்லாம் பெரியவர்களுக்குள் நடந்த பேச்சு. எனக்கு ஒருவரும் ஒன்றும் விளக்கவில்லை. நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான்: நான் தண்ணீர் ஊற்றினேன், அப்பா ஓடினார், அப்பாவின் நெஞ்சு பழுதானது. ஒருவரும் என்னை ஏசாததை அவர்களுடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். இனி ஒருக்காலும் அப்படிச் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். அதையும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அப்பா வீடு திரும்பிய புதிதில் அம்மா ஒவ்வொரு நாளும் புட்டும் குழம்பும் கீழே அனுப்பினார். டொக்டர் அன்ரி மாலையில் மேலே வந்து அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து மண்ணடியைப் பற்றிக் கேட்பார். பிறகு அப்பா வேலைக்குத் திரும்பினார். அம்மா விட்ட ஷிப்டுகளைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பள்ளிக்கூடம் முடிய ட்யூஷனில் சேர்த்தார்கள். நன்றி குறையவில்லை. நேரம்தான் இல்லை. வாசலில் சந்திக்கும்போது எல்லோரும் மிகவும் அன்பாகச் சிரித்துக்கொண்டோம்.

அடுத்த வருடம் கோடையில் ஒரு ஞாயிறு. நான் யன்னலோரம் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். டொக்டர் அன்ரி தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். அதே வெள்ளைச் சட்டை. வாசலுக்கு வந்து கைப்பையைத் திறந்தார். திறப்பைத் தேடுகிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் தேடினார். பிறகு எதையோ மறந்தவர்போலப் தெருப் படலைவரைக்கும் திரும்பிப் போய், மறுபடியும் மெதுவாக நடந்து வந்து யன்னலுக்கு நேர்கீழே நின்றார். இந்த முறை அண்ணாந்து என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

நான் நல்ல பிள்ளையாக இருக்கிறேனா என்று பார்க்கத்தான் நிற்கிறார் என்று எனக்குப் பட்டது. யன்னலைத் திறந்து, வெறுமையாக இருந்த இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார்.