அடையாறு முகத்துவாரத்தில் படம் காட்டிய மணல்

போன டிசம்பரில், மழை விட்ட ஒரு சனிக்கிழமை, அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் போனோம். பறவை பார்க்கும் எங்கள் சிறு குழு அங்கே ஒரு வரைபடம் தயாரித்து வருகிறது. வலசை வரும் உள்ளான்கள் எங்கே இரை தேடுகின்றன, எங்கே ஓய்வெடுக்கின்றன என்று ஜிபிஎஸ் புள்ளிகளாகக் குறித்துவிட்டால், கரையைச் சுத்தம் செய்ய வரும் பொக்லைன்கள் அந்த இடங்களைத் தொடாமல் போகும்படி மனு கொடுக்கலாம். அதற்காகத்தான் நானும் அபிராமபுரத்துத் தோழி கல்பனாவும் கிளம்பினோம். நீங்களும் போக நினைத்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

ஆதம்பாக்கத்திலிருந்து பெசன்ட் நகருக்கு ஆட்டோ இருநூற்றைம்பது ரூபாய். காலை ஏழு மணிக்குக் கடற்கரையில் இறங்கி, வடக்கே உடைந்த பாலம் வரை ஒன்றரை கிலோமீட்டர் நடந்தோம். (நாய்கள் அதிகம். கையில் குச்சி இருக்கட்டும்.)

பாலத்துக்கு மேற்கே நீளமாக ஒரு மணல்திட்டு இருப்பதாகப் போனில் இருந்த செயற்கைக்கோள் படம் காட்டியது. கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"நுனி வரைக்கும் போனா நிறைய புள்ளி எடுத்துடலாம்டி," என்று கல்பனா முன்னால் போனாள்.

திடீரென்று முழங்கால் வரை உள்ளே போனாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். காலை உருவப் பார்த்தபோது மற்ற கால் தொடை வரை இறங்கியது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஓடிப்போய்க் கை கொடுக்கப் பார்த்தேன். இரண்டாவது அடியிலேயே என் காலும் புதைந்தது. எப்படியோ பின்வாங்கி உட்கார்ந்துவிட்டேன். கடல் ஏறும் நேரம். சாக்கடை வாடையோடு தண்ணீர் அவள் பக்கம் மெல்ல நெருங்கியது. போனில் எங்கள் நீலப்புள்ளி அழகான மஞ்சள் மணலுக்கு நடுவே நின்றது.

"யாரையாவது கூட்டிண்டு வரேன்."

"போகாதடி. என்னைத் தனியா விட்டுட்டுப் போகாத."

அங்கேயே நின்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆற்றில் தெர்மாகோல் மிதவை மேல் உட்கார்ந்து வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார்.

"ஆட்டாதமா! காலை ஆட்டாத! ஆட்ட ஆட்ட உள்ள இஸ்துக்கும். மல்லாக்க சாஞ்சுக்கோ!"

கையாலேயே துழாவிக்கொண்டு அவர் அவளிடம் வந்து சேர்ந்தபோது தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டிருந்தது. சாய மாட்டேன் என்று அழுதாள். மிதவையை அவள் முதுகுக்குப் பின்னால் தள்ளிக் கொடுத்துவிட்டு, அவர் கயிற்றை என் பக்கம் வீசினார். "நான் சொல்ற வரைக்கும் இஸ்காத."

அவர் மிதவை ஓரத்தில் குப்புறப் படுத்து, கையால் சேற்றைத் தோண்டி ஒவ்வொரு காலாக விடுவித்தார். "இப்ப இஸு!" என்றதும் இழுத்தேன். அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். மிதவையோடு அவள் கெட்டி மணலுக்கு வந்தபோது ஒரு செருப்பு இல்லை. பற்கள் கிட்டித்திருந்தன.

"மழைல ஆத்து வாய் தொறந்து மணலை அடிச்சிக்கினு பூட்ச்சு. மேல மட்டும் ஒரு பூச்சு கீது," என்றார் அவர். "நானே போன வாரம் இங்கதான் மாட்டிக்கினேன். அப்ப கத்துனா கேக்கக்கூட ஆள் இல்ல."

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான், அந்தப் படம் மே மாதம் எடுத்தது என்று தெரிந்தது. அந்தத் திட்டை இப்போது வரைபடத்தில் சிவப்பாக மாற்றிவிட்டோம்.

போகிறவர்கள் படம் எடுத்த தேதியைப் பாருங்கள். மழைக்குப் பிறகு பழைய படத்தை நம்பாதீர்கள். கடல் இறங்கும் நேரத்தில் போங்கள். தனியாகப் போகாதீர்கள். பக்கத்து மீனவர் குப்பத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். சேறு பிடித்தால் உதறாமல் மல்லாந்து சாயுங்கள்.

கல்பனா அதன்பிறகு ஆற்றுப் பக்கம் வரவில்லை. நாங்கள் கரையிலிருந்து அனுப்பும் புள்ளிகளை வீட்டிலிருந்தே வரைபடத்தில் ஏற்றுகிறாள். நாங்கள் நிற்கும் இடமும் நீலப்புள்ளியாக அவள் போனில் தெரியும். போன வாரம் உள்ளான் கூட்டம் ஒன்றைப் பார்த்தபடி சற்று அதிக நேரம் நின்றுவிட்டேன். உடனே போன் அடித்தது.

"உன் புள்ளி நகரவே இல்லையேடி," என்றாள். "எதாவது பேசு."