மகியங்கனைக்கு ஒரு பகல்

அஜந்தா ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். செங்கலடிச் சந்தையில் கீரை விற்பவள். கீரைக்கட்டு விலையிலேயே இறங்கி வராதவள் வேறெதில் இறங்கப்போகிறாள்? புத்தர் பெருநாளான வெசாக் அன்று மகியங்கனைப் புத்த விகாரைக்குப் போய்வரப்போவதாக அவள் சொன்னபோது, புருஷன் உதயரூபன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். அதே வைகாசிப் பூரணையில்தான் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் அம்மனின் கோபம் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு. கதவு திறந்து சடங்கு தொடங்கிவிட்டால், குளிர்த்தி முடியுமட்டும் ஊரவர் வெளியூரில் இராத் தங்குவதில்லை. அன்றிரவு அம்மனுக்குப் படையல் சாமான் நிரப்பிய மடைப்பெட்டியைத் தலையில் சுமந்துபோக ஒப்புக்கொண்டவளும் இவளேதான்.

விசர் பிடித்தல்ல அவள் இதைச் சொன்னது. சவூதியில் ஒரே வீட்டில் வேலை செய்தவர்கள் அவளும் சுமனாவதியும். சுமனா மகியங்கனைக்காரி, இவளைவிட மூத்தவள். அங்கே அஜந்தாவுக்குச் செங்கமாரி வந்து கண்ணும் நகமும் மஞ்சளாகிப்போன நாட்களில் கஞ்சி பருக்கி, கால் பிடித்து, தாய்போலப் பார்த்தவள் சுமனாதான். இவள் பிழைத்தால் நானே கூட்டிவந்து மகியங்கனையில் பூ வைப்பேன் என்று நேர்த்தியும் வைத்தாள். அஜந்தா பிழைத்தாள். ஊர் திரும்பிக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிரியும்போது, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சுமனாவின் கையில் கொடுத்து, விகாரையில் போட்டுவிடச் சொன்னாள். நம் பக்கத்தில் இது வழக்கம்தானே. கதிர்காமத்துக்கு நடக்க முடியாதவர்கள் நடக்கிறவர்களிடம் காசு முடிந்து கொடுத்தனுப்புவார்கள். முருகன் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நேர்த்தி தீர்ந்தது என்று அஜந்தா வீட்டுக்கு வந்து தன் பாட்டைப் பார்த்தாள்.

பல வருஷம் கழித்து, போன மாதம் சுமனாவின் மகன் போன் எடுத்தான். அம்மாவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டு வருகிறது, உடனே ஒப்பரேஷன் செய்யாவிட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அம்மாவோ மாட்டேன் என்கிறாள் என்றான். செய்யாத நேர்த்தி தலையில் இருக்கும்போது கண்ணில் கத்தி வைத்தால் சரிவராதாம். மஞ்சள் முடிச்சு இன்னும் வீட்டுப் புத்தர் படத்தடியில் கிடக்கிறதாம். காசு போடுவேன் என்று அவள் நேரவில்லையே, ஆளைக் கூட்டிவருவேன் என்றல்லவா நேர்ந்தாள்! வா என்று கேட்கவும் அவளுக்குக் கூச்சம். பிள்ளை குட்டிக்காரி, முடிந்தபோது வருவாள் என்று காத்திருந்திருக்கிறாள்.

அன்று அஜந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. தன்னால் ஒரு மனுஷி குருடாகிவிடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சுமனாவைக் கூட்டிவரவேண்டிய அவள் மகனுக்குக் கட்டுநாயக்காவில் வேலை, லீவு வெசாக்குக்கு மட்டும்தான். டாக்டர் கொடுத்த நாள் வெசாக்குக்கு அடுத்த கிழமை. ஆகவே வேறு நாள் கிடையாது.

கோயில் கப்புகனார் நல்லரத்தினத்திடம் போனாள். கேட்கப் போகவில்லை, சொல்லத்தான் போனாள்.

"விடியப் போய் விளக்கு வைக்கக்குள்ள வந்திருவன். மடைப்பெட்டி என்ட தலையிலதான் வரும்."

பூசை செய்கிற மனிதர் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். ஊரில் படுக்கவேண்டும், மீன் மச்சம் தொடக்கூடாது, அவ்வளவுதான் என்றார்.

அடுத்தது வாகனம். வெசாக் அன்று பஸ்ஸை நம்பிப் போனால் சந்தியிலேயே குந்தியிருக்கலாம். ஏறாவூர் மர்சூக் நானாவின் வான் நாள்தோறும் மகியங்கனைப் பக்கம் மீன் கொண்டுபோகும். வெசாக்குக்கு மீன் வியாபாரம் இல்லை, வான் சும்மா நிற்கும். ஆனால் சடங்கு நாளில் மீன் வானில் ஏறுவதா என்று உதயரூபன் மூக்கைப் பிடித்தான். அஜந்தா வாளியும் தும்புத்தடியுமாக ஏறாவூருக்கே போய்விட்டாள். வானைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேசிக்காய் தேய்த்து, கடைசியில் மஞ்சள் தண்ணீரும் தெளித்தாள். தன் வான் இனி மீனுக்குப் போக வெட்கப்படும் என்றார் மர்சூக்.

விகாரைக்கு வெள்ளை உடுக்கவேண்டும் என்பதில்தான் வீட்டில் உண்மையான சண்டை வந்தது.

"நான் உசிரோட இருக்கக்குள்ள வெள்ளச் சாறியா புள்ள?"

அவனுக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது, பாவம். அஜந்தா வெள்ளைச் சாறியை உடுத்தி, தாலியை வெளியே எடுத்துப் போட்டு, நெற்றியில் காசளவு குங்குமம் வைத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடியுமுன் குளத்தில் இறங்கித் தாமரை மொட்டுப் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தவனும் அவனே.

மகாஓயா தாண்டும் வரை வழி சுகமாக இருந்தது. பிறகு ஊருக்கு ஊர், வழிப்போக்கருக்குச் சும்மா குடிக்கக் கொடுக்கிற தன்சல் பந்தல். கொடியை ஆட்டி வானை மறித்து, குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று நின்றார்கள். அன்போடு நீட்டுகிற கோப்பையை எப்படித் தட்டுவது? அஜந்தா வானை விட்டு இறங்காமலே வாங்கி ஒரே மூச்சில் குடித்து, கோப்பையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே போனாள். மகியங்கனை வரும்போது வயிறு தண்ணீர்க் குடமாகியிருந்தது.

விகாரை வாசலில், மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு சுமனா நின்றாள். முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். போதாமல், கையால் தடவிப் பார்த்தாள்.

"மெலிஞ்சு போனாய் நங்கி" என்றாள். தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் நங்கி என்பாள்; மற்றபடி சவூதிக் குசினியில் அஜந்தாவிடம் பழகிய மட்டக்களப்புத் தமிழ் அவள் வாயை விட்டுப் போகவில்லை. அஜந்தாவுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் கைகோத்து வெள்ளைத் தூபியைச் சுற்றினார்கள். பூமேடையில் அஜந்தா மொட்டுகளைத் தண்டோடு வைக்கப்போக, சுமனா அதைத் தடுத்து, தண்டை முறித்து, இதழ்களை ஒவ்வொன்றாகப் பின்னால் மடித்து விரித்துக் காட்டினாள். கண் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் மடியிலிருந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்து அஜந்தாவின் கையில் வைத்தாள். அஜந்தா அதை உண்டியலில் போட்டாள். காசு விழுந்த சத்தம் கேட்டுச் சுமனா பெரிதாக மூச்சு விட்டாள். ஒப்பரேஷனுக்கு வருவதாக டாக்டரிடம் சொல்லிவிடு என்று மகனிடம் சிங்களத்தில் சொன்னாள்.

மர்சூக் ஹோன் அடித்துவிட்டார். அங்கே ஊரில் மடைப்பெட்டி காத்திருந்தது. புறப்படும்போது சுமனா தூபியை நோக்கித் திரும்பி, இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்தாள்.

"எனக்குக் கண் தெரிஞ்சா, அடுத்த வருசம் நங்கிட ஊரு அம்மனுக்கு..."

அஜந்தா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"நேத்தி ஒண்டும் வைக்காதீங்க அக்கே. சும்மா வாங்க."