சாய்ந்த கதிரில் இறங்கிய மந்தை

தை பிறந்ததும் ராமநாதபுரத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் கீழ்வேளூர்ப் பக்கம் வந்துவிடுவோம். பகலில் அறுத்த வயல்களில் மேய்ச்சல். இரவில் யாராவது ஒருவர் நிலத்தில் கிடை போட்டு ஆடுகளை அடைப்போம். புழுக்கையும் மூத்திரமும் அவர்கள் மண்ணுக்கு, புல்லும் தாளும் எங்கள் ஆடுகளுக்கு.

போன வருடம் அறுவடையே நடக்கவில்லை. அறுக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கதிர் தரையோடு சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அறுப்பு மிஷின் சேற்றில் இறங்காது என்று ஓட்டுகிறவர் கையை விரித்துவிட்டார். எங்கள் ஆடுகள் வாய்க்கால் கரையில் அரைவயிறும் கால்வயிறுமாக நின்றன. ஊருக்குத் திரும்பலாம் என்றால் அங்கே புல்லே கிடையாது. அந்த மந்தையை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

வழக்கமாக எங்களைக் கிடை போடச் சொல்லும் வயல்காரர் ஒரு காலையில் வந்தார். முகத்தில் களையே இல்லை.

“இனிமே இத அறுத்து என்ன ஆவப்போவுது? அழுவிப் போறதுக்கு உங்க ஆடாவது தின்னுட்டுப் போவட்டும். ஓட்டி விடுங்க.”

ஆடு வயிறு முட்ட நெல் தின்றால் ஆபத்து என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. நெல் காயும் களத்துப் பக்கமே விடமாட்டோம். ஆனால் இங்கே கண்ணுக்குத் தெரிந்தது பச்சை. என் வீட்டுக்காரர் வரப்பிலிருந்தே குனிந்து ஒரு பிடி பிடுங்கிப் பார்த்தார்.

“எல்லாம் மொளச்சுப் போச்சு. இனி இது புல்லுதான்” என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. பசித்த ஆட்டை வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்குப் பச்சையெல்லாம் புல்தான். ஆனால் வரப்போரத்தில் மட்டும்தான் முளைத்திருந்தது. நடுவயல் கொஞ்சம் மேடு. அங்கே முற்றிய கதிர் மணி மணியாக அப்படியே கிடந்தது. சேற்றில் இறங்கி அதுவரை போய்ப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஆடுகளை ஓட்டி விட்டோம்; அவை நடுவயல்வரை போய் மேய்ந்தன.

பொழுது சாய்வதற்குள் முதல் ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டது. வயிறு மத்தளம் மாதிரி இருந்தது. சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினோம். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். “முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்மா” என்றார். எதற்கு முன்னாடி என்று கேட்க வாய்வரை வந்தது. விடிந்தபோது பாதி மந்தை எழுந்திருக்கவில்லை. அதில் சினையாடுகள்தான் அதிகம். அவற்றுக்குத்தானே பசி கூடுதல்.

வயல்காரரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். அவர் வந்து வரப்பில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். “நல்லது பண்றதா நெனச்சிட்டேங்க” என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துவந்து அவர் வயல் மூலையிலேயே குழி வெட்டத் தொடங்கினார். என் வீட்டுக்காரரும் இறங்கினார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதை யார் மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

அதற்குள் பிழைத்த ஆடுகளுக்குப் பசி எடுத்துவிட்டது. மறுபடியும் அந்தக் கதிருக்கே போயின. நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். தின்னட்டும் என்று ஊர் ஊராக ஓட்டி வந்த ஆடுகளை, தின்னாதே என்று முகத்திலேயே அடித்தேன். எதற்கு அடிக்கிறேன் என்று புரியாமல் அவை என்னைப் பார்த்துக் கத்தின.