மேசையில் வைத்த கத்தி

அண்ணா கண்ணாடி அலுமாரியைத் திறந்ததும் தையல் மெசின் எண்ணெய் மணத்தது. உள்ளே அவர் சேர்த்த பழைய இராணுவ மடக்குக் கத்திகள் முப்பதுக்கு மேல் இருந்தன. நான் நடுவில் இருந்ததை மட்டுமே பார்த்தேன். அது அப்பாவுடையது.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையில் இருந்த காலத்தில் அப்பா துறைமுகத்தில் கயிறு பின்னும் வேலை செய்தார். ஊர் திரும்பிய மாலுமி ஒருவர் விட்டுப்போன கத்தி அது. ஒரு பக்கம் அலகு, மறுபக்கம் கயிற்று முறுக்கைப் பிரிக்கும் தடித்த ஊசி. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா அதற்கு எண்ணெய் விடுவார். துணியோடு பக்கத்தில் நிற்பது நான்தான். அண்ணா கடற்கரையில் பந்து விளையாடுவார்.

எனக்குப் பத்து வயதான அன்று அப்பா கத்தியை மடக்கி மேசையில் வைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

"எடு பிள்ளை."

எனக்கு வெட்கம். இன்னொரு தரம் சொல்லட்டும் என்று நின்றேன். குசினியிலிருந்து ஓடிவந்த அண்ணா அதைத் தூக்கிவிட்டார்.

"எடுத்த ஆளுக்குத்தான்!"

அப்பாவும் சிரித்துவிட்டார். அதன் பிறகு அண்ணா அதை டிக்கென்று விரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிந்தது.

அண்ணா அதை அலுமாரியிலிருந்து எடுத்து, கையில் தராமல் மேசையில்தான் வைத்தார்.

"எடுத்துப் பார், தங்கச்சி. இதாலதான் எனக்கு இந்தக் கத்திப் பைத்தியமே பிடிச்சது."

எடுத்தேன். மடக்கிக் கைப்பைக்குள் போட்டேன்.

"என்ன செய்யிறாய்?"

"எடுத்த ஆளுக்குத்தான், அண்ணா."

பையின் சிப்பை இழுத்து மூடினேன்.